தாத்தா வீட்டு மரம்: கான்டிராக்டரிடம் மொத்தமாகத் தள்ளிவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

பிரிவு: வீடு, கட்டுமானம், பழுது

#1 மன்னைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இறக்குகிறோம். போன மழையில் மேற்குச் சுவர் சாய்ந்துவிட்டது, இனி தாங்காது. இடிக்க வந்தவர், "மரம், ஓடு, கல் எல்லாம் எனக்கு. இடிப்புக் கூலி வேண்டாம், மேலே நாற்பதாயிரம் தருகிறேன்" என்கிறார். அண்ணன் சரியென்று சொல்லிவிடு என்கிறான். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. நேற்றே கொல்லைக் கொட்டகையையும் கொல்லை வாசலையும் பிரித்து ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மீதியை இடிக்கத் திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது.

மிச்சம் இருப்பது இதுதான். நிலையோடு கதவு 4, ஜன்னல் 6, முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண் 8, நீள உத்திரம் 3 (இலுப்பை என்கிறார் அம்மா). கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்கட்டை) எழுபது எண்பது இருக்கும், பாதி பனை. மாடி அறைக்குக் கட்டைக்குத்து ஒட்டு (கட்டை வரிசைமேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய தளம்), அதில் இருபது கட்டைக்கு மேல். ஒரு பத்தாயம், ஊஞ்சல் பலகை. பிற்பாடு அடித்த பிளைவுட் அலமாரி ஒன்று. அப்பா எப்போதோ ஏலத்தில் எடுத்த ரயில் கட்டை நான்கு, திண்ணை ஓரமாகக் கிடக்கிறது.

புது வீடு சின்னது, 900 சதுர அடிதான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? கொஞ்சம் அவசரம்.

#2 சென்ட்ரிங்மணி

சென்னையில் இருபது வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன், பழைய வீடு நிறைய இறக்கியிருக்கிறேன். மனசை விட்டுச் சொல்கிறேன், கொடுத்துவிடுங்கள்.

பழைய மரம் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் அதைக் கொட்டகையில் போட்டு மேலே தார்ப்பாயைக் கட்டிவிடுவார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் கீழ் வரிசை முழுக்கக் கறையான். பிறகு அதை அப்புறப்படுத்த நாம்தான் கூலி கொடுக்க வேண்டும். அப்படியே பயன்படுத்தினாலும் ஆணி பிடுங்க ஓர் ஆள், அறுக்கக் கூலி, இழைக்கக் கூலி என்று போகும். ஆசாரி சம்பளம் இன்றைக்கு என்னவென்று உங்களுக்கே தெரியும். கடைசியில் புது மரம் வாங்கிய செலவு வந்து நிற்கும்.

நாற்பதாயிரம் குறைச்சல்தான், அறுபது வரை பேசிப் பாருங்கள். அம்மாவுக்காக ஒரு தூணும் ஊஞ்சல் பலகையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

#3 ஆசாரிமகன்

தம்பி, முதலில் திங்கட்கிழமை ஜேசிபி வருவதை நிறுத்துங்கள். விற்பதா வைப்பதா என்பதை அப்புறம் பேசலாம்.

பழைய மரத்தின் விலை அது எவ்வளவு முழுசாகச் சுவரை விட்டு வெளியே வருகிறது என்பதில்தான் இருக்கிறது. ஜேசிபி கை ஒரு தட்டுத் தட்டினால் பதினான்கு அடி உத்திரம் நடுவில் பிளந்து விறகாகிவிடும். அதே உத்திரத்தை நாலு பேர் கயிறு கட்டி இறக்கினால் அது உத்திரம். நீங்கள் விற்கத்தான் போகிறீர்கள் என்றாலும் கழற்றி விற்பது ஒரு விலை, இடித்து விற்பது ஒரு விலை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுங்கள், நீளத்தை அடியில் எடுங்கள். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. உங்கள் நிலை 5-க்கு 4 என்று வைத்துக்கொள்வோம். ஏழடிக் கால் இரண்டு, நாலடி மேல்படியும் கீழ்ப்படியும், ஆக மொத்தம் 22 அடி. 5 × 4 × 22 = 440. வகுத்தால் 3 கன அடிக்குக் கொஞ்சம் மேல். நான்கு நிலைக்கு 12 கன அடி. உங்கள் ஊர் மரவாடியில் போய் முற்றின தேக்கு கன அடி என்ன விலை என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர் தருகிற நாற்பதாயிரம் நிலைக்கே பத்துமா என்று தெரிந்துவிடும். தூணும் உத்திரமும் கதவும் அவருக்கு ஓசி.

எது தேறும் என்று பார்க்க மெஷின் ஒன்றும் வேண்டாம். கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டுங்கள். கணீரென்று திருப்பிக் கொடுத்தால் நல்ல மரம். பொத்தென்று வாங்கிக்கொண்டால் உள்ளே காலி. அப்புறம் ஒரு குத்தூசியை முனைகளில் குத்துங்கள். உத்திரமோ கட்டையோ முதலில் போகிற இடம் சுவருக்குள் புதைந்த முனைதான், ஈரமும் காற்றில்லாமையும் அங்கேதான். முனை மாவாக இருந்தால் முழுக் கட்டையும் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஓரடி அறுத்துத் தள்ளினால் உள்ளே பொன் மாதிரி இருக்கும். தேக்கில் கறையான் முதலில் தின்பது ஓரத்து வெள்ளையைத்தான், நடுவில் இருக்கிற வைரத்தை லேசில் தொடாது. தரையில் மாவு மாதிரி புதுப்பொடி விழுந்து கிடந்தால் மட்டும் உஷார். அது உளுக்கிற வண்டு, இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டையை மற்றதோடு அடுக்காதீர்கள்.

கழற்றும் வரிசை: கதவு, ஜன்னல் சட்டத்தைச் சுவர் நிற்கும்போதே எடுங்கள். பிறகு ஓடு, ரீப்பர் (ஓடு உட்காரும் சட்டம்), கைமரம், கடைசியாக உத்திரம். பழைய நிலைகளில் கழுந்தும் (கட்டை முனையில் செதுக்கிய நாக்கு) துளையும் சேருமிடத்தில் மூங்கில் ஆணி அடித்திருப்பார்கள். கடப்பாரையால் நெம்பினால் கழுந்து முறிந்துவிடும். மூங்கில் ஆணியைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) ஒல்லியான கம்பியை வைத்து எதிர்ப்பக்கம் தட்டுங்கள், சொன்னபடி கேட்கும்.

சென்ட்ரிங்மணி அண்ணன் கூலியைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. ஆனால் புது மரத்தோடு ஒப்பிட்டதில் ஒன்றை விட்டுவிட்டார். இன்றைக்கு வருகிற தோட்டத்துத் தேக்கில் வெள்ளைதான் அதிகம், காய்வதற்குள் விற்றும் விடுகிறார்கள். புது வீட்டில் கதவு மாட்டி ஆறு மாதத்தில் கொண்டி விழாமல் நிற்கிறதே, அது அதனால்தான். உங்கள் தாத்தா வீட்டு மரம் எழுபது எண்பது வருடம் நிழலில் காய்ந்தது. இனி அது பெரிதாகச் சுருங்காது.

#4 மன்னைக்காரன்

அண்ணே, ஜேசிபியை நிறுத்திவிட்டேன். அவருக்குக் கோபம். "பத்து நாள் தருகிறேன், அப்புறம் கல், மண் எடுக்கக் கூலி கேட்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலை அளந்தேன். மூன்று 5-க்கு 4, வாசல் நிலை மட்டும் 7-க்கு 5. தட்டிப் பார்த்ததில் ஓர் உத்திரம் பொத்தென்கிறது. கதவுகள் எல்லாம் பச்சை பெயின்ட், மேலே மேலே நாலைந்து பூச்சு. சாண்ட் பேப்பர் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, வீட்டில் பசங்களும் லீவில் இருக்கிறார்கள், இழுத்துவிடலாமா?

#5 வேதியியல் வாத்தியார்

வேண்டாம்! பசங்களை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பழைய எனாமல் பெயின்டில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி வந்ததே 2016-இல்தான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர். உங்கள் கதவின் அடிப்பூச்சு அதற்கு எத்தனையோ வருடம் முந்தியது. மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்த ஈயம் தூளாகி மூச்சில் போகும், தரையில் படியும், குழந்தை கையிலிருந்து வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், போனது திரும்பாது.

பெயின்டை எடுத்தே ஆக வேண்டுமென்றால் ரிமூவர் தடவி ஈரமாகச் சுரண்டுங்கள், அல்லது தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள். வெட்டவெளியில், கீழே பிளாஸ்டிக் விரித்து, முகக்கவசத்தோடு. சுரண்டியதைப் பொட்டலம் கட்டி அப்புறப்படுத்துங்கள், கொல்லையில் கொட்டாதீர்கள். தீ பீய்ச்சும் ஊதுவிளக்கு, ஹீட் கன் எதையும் காட்டாதீர்கள், புகையில் ஈயம் வரும். பூச்சு உரியாமல் கெட்டியாக இருந்தால் மேலேயே புதுப் பூச்சு அடிப்பதுதான் உத்தமம்.

இரண்டாவது, அந்த ரயில் கட்டை. கறுப்பாக, வெயிலில் தார் வாசம் அடிக்கிறதா? அது கிரியோசோட், நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கிற எண்ணெய். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதில் பெஞ்சு செய்வது, வீட்டுக்குள் வைப்பது, அறுப்பது, அடுப்பில் வைப்பது எதுவும் கூடாது. இன்ஸ்டாகிராமில் ரயில் கட்டையில் சாப்பாட்டு மேசை செய்து காட்டுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

பனைக் கைமரத்தைப் பற்றியும் ஒன்று. வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல் சாதி. தேக்கில் ஓரத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு நடுவை வைத்துக்கொள்வோம். பனையில் அப்படிச் செய்தால் கையில் உள்ளே இருக்கிற மெத்தென்ற சோற்றிதான் மிஞ்சும்.

#6 வடமராட்சியான்

வாத்தியார் சொன்னதை வாசித்ததும் எங்கள் வளவு ஞாபகம் வந்தது.

1990-இல் யாழ்தேவி ரயில் நின்றபிறகு இலங்கையின் வடக்கில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் (நீங்கள் சொல்லும் ரயில் கட்டை) பங்கர் கட்டப் போனது எல்லோருக்கும் தெரியும். சண்டை ஓய்ந்தபிறகு அந்தக் கட்டைகள் வேலிக் கம்பமாகவும், படலைத் (வாசல் கேட்) தூணாகவும், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் மேடையாகவும் மாறின. எங்கள் படலைத் தூண் இரண்டும் அதுதான். மத்தியான வெயிலில் கறுப்பாக வேர்த்து நிற்கும், சின்னனில் சாய்ந்து நின்று சட்டையைப் பாழாக்கி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். 2014-இல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்த காலத்திலும் பழைய கட்டை எங்கள் ஒழுங்கையில் நிமிர்ந்துதான் நின்றது. நஞ்சு என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்.

பனை பற்றி: இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. கதவு, ஜன்னல், கூரை ஒன்றும் இல்லை. ஐயா இடிந்த வீடுகளில் விற்பனைக்கு வந்த பழைய பனஞ்சிலாகைகளை (பனங் கைமரம்) தேடித் தேடி வாங்கிக் கூரை போட்டார். ஐந்தாறு வீட்டுச் சிலாகை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் ஆணித் துளை. அந்தக் கூரை இன்றைக்கும் இருக்கிறது. பனையைக் கழித்துவிடாதீர்கள் தம்பி. நனையாமல் இருந்தால் அது கிடக்கும்.

#7 திருப்பூர் நூல்

கொஞ்சம் தள்ளிப் போகிறேன், மன்னிக்கவும். நான் வேலை செய்யும் கம்பெனியில் மெஷின் வந்து இறங்கும் பேலட் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு), பெட்டி மரம் மாதம் ஒரு லோடு சேர்கிறது. சும்மா எடுத்துப் போ என்கிறார்கள். பெரும்பாலும் பைன். புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்டு, நாய்க்கூண்டு என்று நானே செய்துகொண்டிருக்கிறேன். இதிலும் மருந்து ஏதாவது இருக்குமா வாத்தியாரே?

#8 வேதியியல் வாத்தியார்

பேலட்டின் பக்கவாட்டில் சூடு போட்ட மாதிரி ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் படம், நாட்டுக் குறியீடு, ஓர் எண், கடைசியில் இரண்டு எழுத்து. எச்.டி. (HT) என்றால் சூடேற்றியது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, தொடர்ந்து 30 நிமிடம், வேறு மருந்தில்லை. தாராளமாக எடுங்கள். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது, தொடாதீர்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட வாயு அது, ஆனால் ஏற்றுமதிச் சரக்குப் பூச்சி நீக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. முத்திரையே இல்லாத பேலட் பெரும்பாலும் உள்நாட்டுச் சுற்றில் இருந்தது. அதன்மேல் என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய்க் கறை, ரசாயன வாசம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

#9 ஆசாரிமகன்

திருப்பூர் தம்பி, நாய்க்கூண்டு சரி. ஆனால் பேலட்டில் சோபா, கட்டில் என்று இறங்காதீர்கள். பலகை முக்கால் அங்குலம்கூட இருக்காது. அதை உடைக்காமல் பிரிக்கவே பாதி நாள் போகும், அந்த ஆணி சுருள் ஆணி, லேசில் வராது. ரப்பர் மர பேலட்டாக இருந்தால் நனைந்த இடத்தில் கறுத்து, பிறகு பொடி கொட்டும்.

ரப்பரைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வற்றிய ரப்பர் மரத்தை அப்பா காலத்தில் விறகுக்குத்தான் வெட்டினார்கள். மருந்தேற்றக் கற்றுக்கொண்ட பிறகு அதே மரம் கட்டிலாகவும் நாற்காலியாகவும் கடைக்குப் போகிறது. பேலட்டுக்கு அந்த மருந்தெல்லாம் யார் ஏற்றப்போகிறார்கள்?

#10 திருப்பூர் நூல்

அண்ணே, நான் செய்த அலமாரி நாலு வருடமாக நிற்கிறது. பேப்பர்காரரே பார்த்துவிட்டு விலை கேட்டார். :)

#11 சென்ட்ரிங்மணி

மரத்தை வீணடிக்கிறவன் மாதிரி என்னைப் பார்க்காதீர்கள். மரத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில் கட்டட வேலைக்காரனை மிஞ்ச ஆளில்லை. கான்கிரீட் போடும்போது பலகையைத் தாங்கும் முட்டாக ஒரு சவுக்குக் கம்பு எத்தனை சைட் பார்க்கும் தெரியுமா? நீளமாக வருவது முதலில் தளத்துக்கு, முனை உடைந்தால் அறுத்து லிண்டலுக்கு, அதுவும் குட்டையானால் சாரத்தில் குறுக்குக்கு, கடைசியில் வாட்ச்மேன் அடுப்புக்கு. சென்ட்ரிங் பலகை சிமென்ட் ஏறி ஏறிக் கல்லாகிறவரை விடமாட்டோம், அப்புறம் அது ஆட்டுக் கொட்டகைக்கு.

என் வருத்தமெல்லாம் பிளைவுட்டும் எம்.டி.எஃப்பும் (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) தான். பத்து வருடத்துக்கு முன்னால் அடித்த மாடுலர் கிச்சனை இப்போது பெயர்க்கச் சொல்கிறார்கள். சிங்க் அடியில் தண்ணீர் பட்டு ரொட்டி மாதிரி ஊதியிருக்கும், திருகு நிற்காது. பசை யூரியா ஃபார்மால்டிஹைடு, எரிக்கவும் கூடாது. மரக்கடைக்காரர் எட்டியும் பார்ப்பதில்லை. லாரியில் ஏற்றி எங்கே கொண்டு போகிறார்கள் என்று நானும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. கட்டட இடிபாடுகளுக்கு 2016-இல் விதி போட்டார்கள். மரத்தை மற்ற இடிபாட்டிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆனால் அந்தக் கட்டாயம் ஒரு நாளைக்கு 20 டன்னோ, ஒரு வேலையில் மாதம் 300 டன்னோ தாண்டுகிற ஆட்களுக்குத்தான் இருந்தது. ஒரு ஃபிளாட் சமையலறை அந்தக் கணக்கில் எங்கே வரும்?

மன்னை தம்பி, உங்கள் பிளைவுட் அலமாரியை மட்டும் கான்டிராக்டர் தலையில் கட்டிவிடுங்கள்.

#12 ஷ்டுட்கார்ட் பக்கம்

இங்கே ஜெர்மனியில் பழைய மரத்துக்கென்றே 2003 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. நான்கு வகுப்பு. இயற்கையாக, பூச்சில்லாமல் இருப்பது முதல் வகுப்பு. பசை, சாதாரண பெயின்ட், வார்னிஷ் பட்டது இரண்டு. பி.வி.சி. போன்றவை ஒட்டியது மூன்று. ரயில் கட்டை, மின்கம்பம் போல மருந்தேற்றியது நான்கு. நகராட்சிக் கிடங்குக்குப் பழைய கட்டிலைக் கொண்டுபோனால் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் பார்த்து, இது அந்தப் பெட்டி, அது இந்தப் பெட்டி என்று கையைக் காட்டுவார். போன கோடையில் தோட்டத்து வேலிக் கம்பை முதல் பெட்டியில் போடப் போய்த் திட்டு வாங்கினேன்.

ஆனால் இங்கே எல்லாம் மேசை நாற்காலியாக மறுபிறவி எடுக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு பங்கு துகள் பலகையாகிறது, பெரும்பங்கு மின்நிலையத்தில் எரிகிறது. நிலையைக் கழற்றி அப்படியே இன்னொரு வீட்டில் மாட்டுவதை நான் காரைக்குடியில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு அதில் நிறைய. இறக்குகிற வீட்டைப் பார்த்தால் வருத்தம், விற்கிற கடையைப் பார்த்தால் ஆசை. ரெண்டும் கெட்டான் நிலை.

#13 மட்டுறுத்துநர்

காரைக்குடிக் கடை முகவரி, போன் எண் கேட்டு வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறோம். தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள்.

#14 மொட்டைமாடி மல்லி

இழைக்கும்போது விழுகிற சுருளையும் தூளையும் எரித்துவிடாதீர்கள். பெயின்டும் மருந்தும் படாத மரம் என்றால் மட்டும் சொல்கிறேன்.

பச்சைத் தூளை நேராகத் தொட்டி மண்ணில் கலந்தால் செடி வெளிறிப் போகும். தூள் மக்குவதற்கு மண்ணில் இருக்கிற தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். நான் இப்படித்தான் ஒரு வருஷக் கத்தரியைக் கோட்டை விட்டேன். சாணி அல்லது காய்கறிக் கழிவோடு கலந்து மாதக்கணக்கில் மக்க வைத்துவிட்டுப் போடுங்கள். மேலே மூடாக்காகப் போட்டால் பரவாயில்லை.

எங்கள் ஆச்சி வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? தகர டின்னில் அடியில் ஒரு ஓட்டை. நடுவில் பாட்டிலை நிறுத்தி, அடி ஓட்டையில் ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் குத்துவாள். நல்லா இறுகினதும் பாட்டிலைத் திருகித் திருகி மேலே உருவ வேண்டும். அந்த வேலை மட்டும் ஆச்சிதான் செய்வாள், எங்கள் கை பட்டால் பொலபொலவென்று சரிந்துவிடும். காலையில் பற்றவைத்தால் ஒரு பானை நெல் அவிந்து, வெந்நீரும் காய்ந்துவிடும். மரவாடியில் சாக்குத் தூள் அப்போது சும்மா கொடுப்பார்கள்.

#15 மன்னைக்காரன்

மூன்று வாரம் ஆயிற்று. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆசாரி, நாலு ஆட்கள், ஐந்து நாள். கழற்றுகிற கூலியும் சாப்பாடும் சேர்த்து முப்பத்திரண்டாயிரம் ஆயிற்று. சென்ட்ரிங்மணி அண்ணன் சொன்னது போலக் கை கடித்தது. கான்டிராக்டர் இப்போது நாற்பதாயிரம் தரமாட்டேன் என்று, கல் மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை நேர் செய்துவிட்டார். பிளைவுட் அலமாரியும் அவரோடு போயிற்று. அண்ணன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கதவு ஜன்னல் எல்லாம் சேதமில்லாமல் வந்தன. உத்திரம் இரண்டு தேறியது. மூன்றாவதை அறுத்தபோது உள்ளே கை நுழைகிற அளவுக்குப் பொந்து. கட்டைக்குத்துக் கட்டைகள் இருபத்திரண்டில் பதினேழுக்கு முனை மட்டும்தான் போயிருந்தது. கைமரத்தில் நாற்பதைப் பக்கத்து ஊரில் ஆட்டுக் கொட்டகை போடுகிறவர் வாங்கிக்கொண்டார், மீதி எங்கள் வண்டிக் கொட்டகைக்கு. ரயில் கட்டை அப்படியே கிடக்கிறது. அதைக் கேட்டு இருவர் வந்தார்கள், அது என்னவென்று சொன்னதும் ஒருவர் திரும்பிப் போய்விட்டார். இன்னொருவர் "வயல் வரப்பில் மண் சரியாமல் போடத்தான்" என்றார். சோறு விளைகிற மண்ணாயிற்றே என்று கொடுக்கவில்லை.

ஆணிக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். ரிப்பேர் ஆன ஸ்பீக்கரை உடைத்து அதன் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேலே மெதுவாக நகர்த்தினால், உள்ளே ஆணி இருக்கிற இடத்தில் சுண்டி இழுக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தோம். அப்படியும் ஒன்று தப்பிவிட்டது. சாமில்காரர் பிளேடு பல் போனதற்கு எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கட்டையைப் பலகையாக அறுத்து இழைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முதல் இழுப்பில் கறுப்புத் தூள்தான் வந்தது, அடுப்புக்கரி மாதிரி. இரண்டாவது இழுப்பில் சுருள் நீளமாக, தேன் நிறத்தில் சுருண்டு விழுந்தது. ஒரு வாசம், பழைய தோல் பெட்டியைத் திறந்த மாதிரி. அம்மா சமையலறையிலிருந்து எழுந்து வந்து அந்தச் சுருளில் ஒரு கை அள்ளிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஒரு சந்தேகம். நிலைகளைப் பிரித்தபோது கழுந்தின் உள்பக்கம் உளியால் ஏதோ கொத்தியிருக்கிறது. வாசல் நிலையின் நான்கு துண்டிலும் ௧. கூடத்து நிலையில் ௨. அடுக்களை நிலையில் ௪, மாடி நிலையில் ௫. இது என்ன?

#16 ஆசாரிமகன்

தம்பி, இது எங்கள் வேலை. ஒவ்வொரு கழுந்தும் அதனதன் துளைக்கென்றே செதுக்கியது, ஒன்றுக்கொன்று மாற்றினால் சேராது. பட்டறையில் நிலையைக் கூட்டி, மூலைமட்டம் பார்த்து, மறுபடி பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். வேலை நடக்கிற இடத்தில் குழம்பாமல் இருக்க ஒரு நிலைக்கு ஓர் எண். கூட்டியபிறகு அது உள்ளே மறைந்துவிடும். அப்பா தமிழ் எண்தான் கொத்துவார், எனக்கு ௭-க்கு மேல் எழுதத் தெரியாது.

அப்படியென்றால் ௩ எங்கே?

#17 மன்னைக்காரன்

கொல்லை வாசல். நான் இங்கே முதலில் எழுதியதற்கு முந்தின நாள் லோடில் போனது.

#18 மொட்டைமாடி மல்லி

ஐயோ.

#19 மன்னைக்காரன்

அந்த லோடு இறங்கிய மரக்கடைக்கு இன்று காலை போய்வந்தேன். நிலை உடைந்து வந்ததால் செங்கல் சூளைக்கு விறகாகப் போட்டுவிட்டார்களாம். கதவு மட்டும் கடை வாசலில் சாய்ந்து நிற்கிறது, அதே பச்சை பெயின்ட். மூவாயிரத்து ஐந்நூறு சொல்கிறார்.

#20 ஆசாரிமகன்

மூவாயிரத்துக்குக் கேளுங்கள். எடுத்ததும் உயரம், அகலம், கனம் மூன்றையும் அளந்து அனுப்புங்கள், நூல் கணக்கு விடாமல். கட்டைக்குத்துக் கட்டை பதினேழில் அறுக்காமல் நாலு மிச்சம் இருந்தால் நிலை அதிலேயே செய்துவிடலாம்.

#21 மன்னைக்காரன்

ஐந்து இருக்கிறது அண்ணே.